சிசிலித் தீவின் சரித்திராசிரியர் மிக்கேலே அமாரி

தம் நாட்டின் பழஞ்சரித்திரத்தை ஆராய்ந்து எழுதுவோர் பலர். அந்நாட்டின் அரசியற் போராட்டத்திற் புகுந்து உழைப்போரும் பலர். இவ்விரு தொழிலையும் ஒருவரே மேற்கொள்ளுதல் அரிது; மேற்கொண்டபின் ஒன்றனால் மற்றொன்று கெடாவண்ணம் காத்தல் அதனினும் அரிது. அரசியலில் ஈடுபட்டவன் தன் கட்சிக்கு ஏற்ற சான்றுகளையே காண்பான் என்றும், ஏட்டில் ஆழ்ந்தவன் தன் கண்முன் நிகழும் கொடுமையையும் காணான் என்றும் உலகினர் கூறுவர். இக்கூற்று எவ்வளவு உண்மையுடையது என ஆராய்தற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த மிக்கேலே அமாரி என்பாருடைய வாழ்க்கை ஏற்றதொரு கருவியாகும். அவர் ஒரு நூல் எழுதியதற்காக நாடு துறந்தார். நாடு துறந்ததனால் மற்றொரு பெருநூல் எழுதினார். அவ்விரு நூல்களையும் அவற்றிடையே ஓடிய அவர்தம் வாழ்க்கையையும் இங்கே சுருங்க நோக்குவாம்.

இளமை

அமாரி 1806-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் சிசிலித் தீவின் தலைநகராகிய பலேர்மோவிற் பிறந்தார். அக்காலத்து இத்தாலி என்பது ஓர் அரசின் பெயரன்று. பல சிறு அரசுகளாய்ப் பிரிந்து கிடந்த ஒரு நிலப்பரப்பின் பெயரே. அவற்றுள் தென்பகுதியாகிய நேப்பிள்ஸ் நாடும் சிசிலித் தீவும் பூர்போன் மரபு மன்னர்க்கு உரியனவாய் இருந்தன. நெப்போலியன் காலத்தில் நேப்பிள்ஸை இழந்த அம்மன்னர் சிசிலியிற் புகலடைந்திருந்தபோது, ஆங்கிலேயர் படைத்துணையோடு வாழ்ந்த அத்தீவினர் 1812-இல் தமக்கென ஓர் அரசியலமைப்புப் பெற்றனர். நெப்போலியன் வீழ்ந்ததும் அரசர் நேப்பிள்ஸுக்கு மீண்டார். 1816-இல் இரு நாடுகளையும் ஒன்றாக்கினார். பலேர்மோவின் பாராளுமன்றமும் பழைய உரிமைகளும் ஒருங்கே மறைந்தன. தலைநகராய் இருந்த ஊர் தொலைவிலுள்ள மற்றொரு தலைநகரின் ஆணைக்குக் காத்திருக்கும் ஊராயிற்று. இம்மனக்குறை அமாரியின் இளமை முழுவதும் சிசிலி மக்களின் உள்ளத்தில் நீறுபூத்த நெருப்பாய்க் கிடந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவருடைய முதற்பெருநூலின் உயிர்நிலை அதுவே.

பதினான்கு வயதில் அமாரி அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே, 1820-இல், பலேர்மோவிற் கலகம் மூண்டு அடக்கப்பட்டது. பின்னும் மறைவிற் சூழ்ச்சிகள் நடந்தன. 1822-இல் வெளிப்பட்ட ஒரு சூழ்ச்சியில் அமாரியின் தந்தையார் சிக்கினார். அவருக்கு விதிக்கப்பெற்ற மரணதண்டனை சிறைத்தண்டனையாக மாற்றப்பட்டது. தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் கடமை பதினாறு வயதுச் சிறுவனாகிய அமாரியின் தோளில் வீழ்ந்தது. தந்தையைச் சிறையிலிட்ட அரசினிடமே மாதந்தோறும் கைநீட்டி ஊதியம் பெற்றுத் தந்தையின் குடும்பத்தைக் காத்தார். பகலில் அரசாங்கத்தின் கடிதங்களைப் படியெடுத்த அக்கை இரவில் நூல்களைப் புரட்டிற்று. ஆங்கிலமொழியைக் கற்று, ஸ்காட் என்னும் புலவரின் ‘மார்மியன்’ என்ற காவியத்தை இத்தாலிய மொழியில் ஆக்கி 1832-இல் வெளியிட்டார். ஆயினும் அவர் உள்ளம் காவியத்தில் நில்லாது சரித்திரத்திற் சென்றது.

1282-ஆம் ஆண்டின் கலகம்

அவர் ஆராயத் தேர்ந்தது ‘சிசிலியின் வெஸ்பர்’ என வழங்கும் நிகழ்ச்சியாகும். வெஸ்பர் என்பது அந்திவேளை வழிபாட்டின் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர் குலத்தவரான ஆஞ்சு நாட்டுச் சார்லஸ் என்பார், போப்பாண்டவரின் ஆதரவுடன் வந்து, 1266-இல் மன்பிரெட் மன்னனைப் போரில் வென்று கொன்று, தென்னித்தாலியையும் சிசிலியையும் கைப்பற்றினார். அவர் தம் ஆட்சிக்கு நடுவிடமாகக் கொண்டது நேப்பிள்ஸ், பலேர்மோ புறக்கணிக்கப்பட்டது. வரிச்சுமை ஏறிற்று; பிரெஞ்சு அதிகாரிகளின் செருக்கும் ஏறிற்று. 1282-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளை அடுத்து, பலேர்மோ நகர்ப்புறத்தில் உள்ள பரிசுத்த ஆவியின் கோயிலருகே மக்கள் அந்தி வழிபாட்டுக்குத் திரண்டிருந்தனர். அங்கே ஆயுதம் தேடுவதாகச் சொல்லிப் பிரெஞ்சு வீரன் ஒருவன் ஒரு பெண்ணிடம் தகாதவாறு நடந்தான். அவன் அவ்விடத்திலேயே கொல்லப்பட்டான். அன்றிரவே நகரெங்கும் பிரெஞ்சுக்காரர் வெட்டுண்டனர். சில வாரங்களில் தீவு முழுதும் அவர் ஆட்சி அற்றது. அதனால் எழுந்த போர் 1302-இல் கல்தபெல்லோத்தா என்னுமிடத்து உடன்படிக்கையாலேயே முடிவுற்றது.

இந்நிகழ்ச்சிக்கு நெடுங்காலமாய் வழங்கிவந்த காரணம் ஒன்று உண்டு. புரோசிதா ஊரினராகிய ஜொவான்னி என்னும் முதியவர் ஒருவர் மாறுவேடம் பூண்டு கான்ஸ்தாந்திநோப்பிள் பேரரசரிடமும், போப்பாண்டவரிடமும், ஸ்பெயின் தேசத்து அராகன் மன்னர் பேதுருவிடமும் மாறிமாறிச் சென்று, பொன்னும் படையும் திரட்டி, குறித்த நாளில் தீவு முழுவதையும் ஒருசேர எழச் செய்தார் என்பது அக்கதை. கேட்போர்க்கு இன்பந்தரும் கதை இது. ஒரே மனிதரின் கூர்மதியால் ஓர் அரசு கவிழ்ந்தது என்றால் நாடகத்திற்கும் நவீனத்திற்கும் வேறென்ன வேண்டும்?

அமாரி இக்கதையைச் சான்றுகளின் தராசில் இட்டு நிறுத்தார். முதலாவதாக, நிகழ்ச்சிக்குக் காலத்தால் அணித்தாய் நின்று எழுதிய ஆசிரியர் யாவர், சேய்மையில் நின்று எழுதியவர் யாவர் என வரிசைப்படுத்தினார். அணித்தாய் நின்றோர் மக்கள் பட்ட துன்பத்தையும் அன்றைய வெகுளியையும் கூறினரேயன்றி, கலகம் புரோசிதாவின் ஏற்பாட்டால் எழுந்தது எனக் கூறினாரல்லர். கதை காலஞ்செல்லச் செல்லவே வளர்ந்தது. பெரும்புலவராகிய தாந்தேயும் தம் காப்பியத்தில் கொடுங்கோன்மையையே காரணமாகச் சுட்டினார். இரண்டாவதாக, கலகத்தின்பின் மக்கள் நடந்த முறையை நோக்கினார். அராகன் மன்னரின் பொருட்டு எழுந்த கலகமாயின், வென்ற அன்றே அவர் பெயரையன்றோ முழங்கியிருப்பர்? பலேர்மோவும் பிற நகரங்களும் அங்ஙனம் செய்யவில்லை. தம்மைத்தாமே ஆளும் நகராட்சிகளை நிறுவித் திருச்சபையின் பாதுகாப்பை வேண்டின. சார்லஸ் பெரும்படையுடன் வந்து மெஸ்ஸினா நகரை முற்றுகையிட்ட பின்னரே, வேறு வழியின்றி, பேதுரு மன்னரை அழைத்தனர். மூன்றாவதாக, அப்பேதுரு எங்கிருந்தார் என்பதைக் கண்டார். அவர் படையோடு ஆப்பிரிக்கக் கரையில் நின்றார். சிசிலியில் அவர் கால்வைத்தது ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், அஃதாவது கலகம் நிகழ்ந்து ஐந்து திங்கள் கழித்தேயாம். ஆதலின், மன்னர்களிடையே சூழ்ச்சி இருந்திருக்கலாம். ஆனால் வெஸ்பர் கலகம் அச்சூழ்ச்சியின் விளைவன்று, பொறுமையிழந்த மக்களின் செயலே என அமாரி முடிவு கட்டினார்.

இந்நூல் 1842-இல் பலேர்மோவில் அச்சேறிற்று. தணிக்கையாளர் கண்ணுக்கு உறுத்தாதிருத்தற்பொருட்டு, ‘பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிசிலி வரலாற்றில் ஒரு காலப்பகுதி’ என்னும் பொருள்பட மிக எளிய பெயர் ஒன்றை அதற்குச் சூட்டியிருந்தார். பெயர் எளிதாயினும் பொருள் எளிதன்று. நேப்பிள்ஸிலிருந்து ஆண்ட அயல்மரபு மன்னர், ஒளிமழுங்கிய பலேர்மோ, வரிச்சுமை, அதிகாரிகளின் செருக்கு என்று படித்தபோது, வாசகர் 1282-ஐ மறந்து 1842-ஐயே கண்டனர். ‘தலைவர் ஒருவரும் திட்டமிடாமலே மக்கள் ஓர் அரசைக் கவிழ்க்கக்கூடும்’ என்ற முடிபு எந்த அரசின் செவிக்கும் இனியதன்று. நூல் தடை செய்யப்பட்டது. ஆசிரியரை நேப்பிள்ஸுக்கு வருமாறு அரசு ஆணையிட்டது. தந்தை சென்ற வழி அமாரிக்கு நினைவிருந்தது போலும். அவர் நேப்பிள்ஸுக்குச் செல்லாது பிரான்சுக்குக் கப்பலேறினார். அடுத்த ஆண்டே அந்நூல் பாரிஸில் ‘வெஸ்பர் போர்’ என்னும் வெளிப்படையான பெயருடன் மீண்டும் வெளிவந்தது. 1850-இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. 1886-க்குள் ஒன்பது பதிப்புக் கண்டது. பிரெஞ்சுக்காரர் வெட்டுண்ட வரலாற்றை எழுதியவருக்குப் பிரெஞ்சு நாடே அடைக்கலம் தந்தது என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

முப்பத்தாறாம் வயதில் ஒரு புதுமொழி

பாரிஸ் நகரில் அமாரிக்குக் கைப்பொருள் இல்லை. ஆனால் நூல்நிலையங்கள் இருந்தன. சிசிலி மக்களின் இயல்பு எங்கிருந்து தோன்றிற்று என்னும் வினா அவரை வருத்திக்கொண்டே இருந்தது. நார்மானியர் வருமுன் அத்தீவை இருநூறு ஆண்டுகட்குமேல் ஆண்டவர் முஸ்லிம்கள். அவர்களைப்பற்றி அக்காலத்துச் சிசிலியர் அறிந்தது மிகச் சிறிது; அறிந்ததாக எண்ணியதிலும் பொய் கலந்திருந்தது. இதற்கு ஒரு பழங்கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பலேர்மோவில் வாழ்ந்த ஜுசெப்பே வெல்லா என்னும் மால்ட்டாத் தீவுக் குருவானவர், ஒரு மடத்தில் இருந்த அரபி ஏட்டைக் காட்டி, சிசிலியை ஆண்ட அரபியரின் அரசாங்கக் கடிதங்கள் அதனுள் இருப்பதாகச் சொல்லித் தாமே புனைந்தவற்றை மொழிபெயர்ப்பென வெளியிட்டார். உண்மையில் அவ்வேடு நபிகளாரின் வாழ்க்கை வரலாறாகும். அரபி அறிந்தார் அருகியிருந்தமையால் அறிஞரும் பிரபுக்களும் பல ஆண்டு ஏமாந்தனர். 1796-இலேதான் வெல்லா தண்டிக்கப்பெற்றார். மொழியறியாத நாட்டில் பொய் எளிதில் முடிசூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அமாரி இப்பிழைக்கு இடங்கொடாத வழி ஒன்றே எனக் கண்டார். மூலமொழியைத் தாமே கற்றல் என்பதே அது. முப்பத்தாறு வயதில், வறுமையில், அயல்நாட்டில் அரபியின் அரிச்சுவடியைத் தொடங்கினார். ரெய்னோ என்னும் பேராசிரியரிடம் பாடங்கேட்டார். சில ஆண்டுகளில் அரபி ஏடுகளைப் படித்து, பாடபேதங்களை ஒப்பிட்டு, பிழை திருத்தும் ஆற்றல் பெற்றார். தமிழ் கற்கும் நம்போன்றார், ஒரு சுவடியின் ஓர் எழுத்தை ஏகாரமோ எகரமோ எனத் துணிதற்குப் படும் இடர்ப்பாட்டை அறிவோம். புள்ளியொன்று மாறினாற் பொருளே மாறும் அரபி எழுத்தில், பழஞ்சுவடிகள் பல புள்ளியின்றியே கிடக்க, அவ்வேலையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

புரட்சியும் தோல்வியும்

1848-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், அரசர் பிறந்தநாளன்று, பலேர்மோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டில் ஐரோப்பா முழுவதும் பரவிய புரட்சிகளுள் முற்பட எழுந்தது இதுவே. அமாரி சுவடிகளை மூடிவைத்துத் தாய்நாடு திரும்பினார். பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் பொதுச்சட்டப் பேராசிரியராக அமர்த்தப்பெற்றார், பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார், புதிய அரசாங்கத்தின் நிதியமைச்சரானார். ஏப்ரல் 13-ஆம் நாள் பாராளுமன்றம் பூர்போன் மரபினர் சிசிலியின் அரியணைக்கு இனி உரியரல்லர் என அறிவித்தது. ஆனால் உரிமை முழக்கத்தால் கருவூலம் நிறைவதில்லை. அறிவிப்பால் படை திரள்வதுமில்லை. அயல்நாட்டு ஆதரவு வேண்டி அமாரி பாரிஸுக்கும் லண்டனுக்கும் தூது சென்றார். அவ்வரசுகள் இன்சொல் கூறினவேயன்றி உதவி செய்யவில்லை. செப்டம்பரில் அரசரின் படை மெஸ்ஸினா நகரைக் குண்டுமாரி பொழிந்து அழித்தது. 1849-ஆம் ஆண்டு வசந்தத்தில் அமாரி திரும்பியபோது எல்லாம் முடிவை நெருங்கியிருந்தன. தலைவர்கள் தம்முட் பிணங்கிக் கிடந்தனர். அவர் மீண்டும் தப்பிச் சென்றார். மே மாதத்தில் பலேர்மோ வீழ்ந்தது.

வெஸ்பர் கலகம் தானே எழுந்து வென்றது என எழுதியவர், தானே எழுந்த மற்றொரு கலகம் ஒன்றரை ஆண்டுக்குள் தோற்றதைத் தம் கண்ணாலே கண்டார். மக்களின் வெகுளி ஓர் அரசைக் கவிழ்க்கப் போதும். ஓர் அரசை நிறுவப் போதாது. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிசிலியருக்கும் இறுதியில் ஓர் அராகன் மன்னர் வேண்டியிருந்ததன்றோ? அமாரியின் அரசியற் கொள்கை இக்காலத்திற்குப் பின் மெல்ல மாறிற்று. சிசிலியின் தனியுரிமையே குறிக்கோளாகக் கொண்டிருந்தவர், இத்தாலி முழுவதும் ஒன்றுபட்டாலன்றிச் சிசிலிக்கு உய்வில்லை என்னும் துணிபுக்கு வந்தார்.

முஸ்லிம் சிசிலியின் வரலாறு

இரண்டாம் முறை பாரிஸில் வாழ்ந்த பத்தாண்டுகளே அமாரியின் புலமை கனிந்த காலம். அந்நகரத்துப் பெருநூல்நிலையத்தின் அரபிச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுக்கும் வேலையைச் செய்து வயிறு வளர்த்தார். கிடைத்த பொழுதையெல்லாம் தம் நூலுக்கே ஈந்தார். சரித்திராசிரியர், புவிநூலார், வழிப்போக்கர், புலவர் முதலிய அரபு ஆசிரியர் பலர் சிசிலியைப்பற்றி எழுதியவற்றையெல்லாம் பல நாட்டுச் சுவடிகளிலிருந்து திரட்டி, 1857-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ‘அரபு-சிசிலி நூல்நிலையம்’ என்னும் பொருளுடைய தொகுப்பாக மூலமொழியிலேயே பதிப்பித்தார். ‘சிசிலி முஸ்லிம்களின் சரித்திரம்’ என்னும் பெருநூலின் முதற்பகுதி 1854-இலும், இரண்டாம் பகுதி 1858-இலும் வெளிவந்தன. மூன்றாம் பகுதி 1868-இலிருந்து 1872 வரையில் முற்றுப்பெற்றது.

அந்நூல் 827-இல் மாஸாரா என்னுமிடத்தில் வட ஆப்பிரிக்கப் படை வந்திறங்கியது தொட்டு, 831-இல் பலேர்மோவும் 878-இல் சிரக்கூசும் 902-இல் தவோர்மினாவும் வீழ்ந்ததையும், 1061-இல் தொடங்கி 1091-இல் நார்மானியர் தீவு முழுவதையும் வென்றதையும், அதன் பின்னரும் கிறிஸ்தவ மன்னர் ஆட்சியில் முஸ்லிம்கள் வாழ்ந்ததையும், இறுதியில் இரண்டாம் பிரெடரிக் பேரரசர் அவர்களைப் பெயர்த்து லூச்செரா என்னும் ஊருக்குக் குடியேற்றியதையும் விரித்துரைக்கின்றது. பத்தாம் நூற்றாண்டில் பலேர்மோவைக் கண்ட இப்னு ஹௌகலும், 1154-இல் இரண்டாம் ரோஜர் மன்னருக்காகப் புவிநூல் முடித்த இத்ரீசியும், 1184-இல் கப்பல் உடைந்து மெஸ்ஸினாவில் கரையேறிய இப்னு ஜுபைரும், சிரக்கூசிற் பிறந்து அயல்நாட்டில் வாழ்ந்து தாய்நாட்டை நினைந்து பாடிய புலவர் இப்னு ஹம்தீஸும் இந்நூலில் வந்து சான்று பகர்கின்றனர். நாடு துறந்த அரபுப் புலவரின் பாடலை நாடு துறந்த சிசிலி அறிஞர் பாரிஸிலிருந்து படித்தபோது, இடையிலிருந்த எழுநூறு ஆண்டும் அவருக்கு எவ்வளவினவாய்த் தோன்றியிருக்கும்?

ஈண்டு நாம் சிறப்பாய் நோக்கற்குரியது ஆசிரியரின் நடுவுநிலைமை. வந்தவர் அயலார், வேற்றுச் சமயத்தார், வாளேந்தி வந்தோர். தம் நாட்டார் சிந்திய குருதியை மட்டும் எழுதி அமைந்திருந்தால் அவரைக் குறைகூறுவார் இலர். அமாரி அதனை மறைத்தாருமல்லர். சிரக்கூஸ் அழிந்தபோது சிறைப்பட்ட தியொடோசியுஸ் என்னும் துறவி எழுதிய கடிதத்தையும் சான்றாகக் கொண்டார். ஆயினும், வந்தவர் ஆட்சியில் நிலங்கள் பங்கிடப்பட்டதையும், நீர்ப்பாசனம் பெருகியதையும், எலுமிச்சை, கரும்பு, பருத்தி முதலிய பயிர்கள் ஓங்கியதையும் அவ்வளவே தெளிவாய் எழுதினார். சிசிலி உழவர் இன்றும் நீர்த்தொட்டியை ‘ஜெப்பியா’ என்கின்றனர். வாய்க்காலைச் ‘சாயா’ என்கின்றனர். இரண்டும் அரபுச் சொற்களின் திரிபுகள். மர்ஸாலா, கல்தனிஸ்ஸெத்தா முதலிய ஊர்ப்பெயர்களும் அத்தகையனவே. வென்றவரின் அரண்மனைகள் இடிந்தன. அவர் தந்த வாய்க்காலின் பெயர் வயலில் நிலைத்தது.

தேசாபிமானி ஒருவர் தம் நாட்டை வென்றவர்க்கு இங்ஙனம் உரிய இடம் தந்தது எங்ஙனம்? தேசம் என்பதை அவர் ஒரே குருதியாகக் கருதவில்லை என்பதே விடை. கிரேக்கரும், ரோமரும், அரபியரும், நார்மானியரும் வந்து கலந்த தீவு சிசிலி. அவருள் ஒருவரை நீக்கினும் அது சிசிலியன்று என்பதே அவர் நூலின் உட்கிடை.

ஒன்றுபட்ட இத்தாலியில்

1859-இல் இத்தாலியின் வடபகுதியில் விடுதலைப்போர் வென்றது. அமாரி பீசாவிலும் பின்னர் பிளாரென்சிலும் அரபிமொழிப் பேராசிரியரானார். 1860-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் கரிபால்டி ஆயிரவர் படையுடன் மர்ஸாலாத் துறையில் இறங்கிப் பலேர்மோவைக் கைக்கொண்டார். அமாரியும் அங்குச் சென்று அவ்விடைக்கால அரசில் அமைச்சராய் அமர்ந்து, சிசிலி இத்தாலியோடு இணைதற்கு உழைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நிகழ்ந்த பொதுவாக்கெடுப்பில் இணைப்பே முடிவாயிற்று. 1861-இல் அவர் மேலவை உறுப்பினரானார். 1862 டிசம்பர் முதல் 1864 செப்டம்பர் வரையில் இத்தாலி அரசாங்கத்தின் கல்வியமைச்சராய்ப் பணிபுரிந்தார். பதவி நீங்கியதும் எவ்வித வருத்தமுமின்றித் தம் சுவடிகளுக்குத் திரும்பினார். 1878-இல் பிளாரென்சிற் கூடிய கீழ்நாட்டு மொழியறிஞர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1882-இல் வெஸ்பர் கலகத்தின் அறுநூறாவது ஆண்டுவிழா வந்தபோது, பொதுமக்கள் படித்தற்கேற்ற சிறுநூல் ஒன்றும் எழுதினார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் பிளாரென்சில் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் பலேர்மோவின் சான் தொமெனிக்கோ தேவாலயத்தில் அடக்கம் பெற்றுள்ளது.

சீர்தூக்கல்

இனி முதலில் எழுப்பிய வினாவிற்கு வருவாம். அமாரியின் அரசியல் அவர் சரித்திரத்தைக் கெடுத்ததா?

ஒரு பொருளில் அது அவர் பார்வையைச் சாய்த்தது என ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1842-இன் மனக்குறை இல்லையேல் அவர் 1282-ஐ நோக்கியிரார். மக்களே தலைவர் என்னும் முடிபு அவர் விரும்பிய முடிபுமாம். 1958-இல் வெஸ்பர் கலகத்தைப்பற்றிப் பெருநூல் எழுதிய ஆங்கில அறிஞர் ரன்சிமன், புரோசிதாவின் சூழ்ச்சிக்கும் கான்ஸ்தாந்திநோப்பிளின் பொன்னுக்கும் அமாரி தந்ததினும் மிக்க இடம் தந்தார். கான்ஸ்தாந்திநோப்பிளின் பேரரசர் எட்டாம் மைக்கேலும் தம் வரலாற்றில், சிசிலியரின் விடுதலையைக் கடவுள் தம்வழியாய் நிகழ்த்தினார் எனப் பெருமை கொள்கின்றார். ஆகவே அமாரி சூழ்ச்சியைக் குறைத்து மதித்தார் என்பது உண்மையாகலாம். அதுபோலவே, அரபியர் வருமுன் இருந்த சிசிலியை அவர் அளவுக்குமேல் தாழ்த்திவிட்டார் எனவும் பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுவர்.

ஆனால் மற்றொரு பொருளில் அவர் அரசியல் அவர் சரித்திரத்தைக் காத்தது எனலாம். அவர் கொண்ட கட்சிக்கு எதிரிகள் பலர். சான்றில்லாத ஒரு சொல்லை எழுதினும் அதனைப் பற்றியே அவர் நூல் முழுவதையும் பொய்யெனத் தள்ள அவர்கள் காத்திருந்தனர். எனவே ஆவணத்தை அடியாகக் கொண்டே ஒவ்வொன்றையும் நாட்ட வேண்டியவரானார். தம் முடிபுக்குக் கருவியான சான்றுகளையும் உடன் வெளியிட்டார். அதனால் அவரை மறுப்போரும் அவர் நூலைக்கொண்டே மறுக்கக்கூடிய நிலை ஏற்பட்டது. ஆஞ்சு மரபு மன்னரின் பதிவேடுகள் நேப்பிள்ஸ் ஆவணசாலையில் இருந்தன. இரண்டாம் உலகப்போரில், 1943-ஆம் ஆண்டு செப்டம்பரில், பாதுகாப்புக்காகக் கொண்டுவைக்கப்பட்ட இடத்திலேயே அவை ஜெர்மன் படையினரால் எரிக்கப்பட்டன. இன்று அக்காலத்தை ஆராய்வோர், அப்பதிவேடுகளை நேரிற் கண்ட முன்னோர் அச்சிட்டு வைத்தவற்றையே பெரிதும் நம்பவேண்டியுளது. முடிபு மட்டும் எழுதி மூலத்தை மறைத்த ஆசிரியர் நூல்கள் இந்நிலையில் என்ன பயன் தரும்?

முடிபுகள் மாறும், அமாரியின் முடிபுகளும் மாறியுள்ளன. ஆயினும் அவர் பதிப்பித்த அரபு நூற்றொகுதியும் அவர் எழுதிய முஸ்லிம் சரித்திரமும் இன்றும் அத்துறையிற் புகுவார்க்கு வாயிலாய் நிற்கின்றன. நல்லினோ என்னும் அறிஞர் அச்சரித்திரத்தைத் திருத்தக் குறிப்புகளுடன் 1933 முதல் 1939 வரையில் மறுபதிப்புச் செய்ததும் அதன் உயிர்ப்பைக் காட்டும்.

சரித்திரம் கற்கும் மாணவரும் மொழி கற்கும் மாணவரும் அமாரியிடம் அறியத்தக்கது யாது? நாட்டுப்பற்றை விட்டொழித்த பின்னரே சரித்திரம் எழுதவேண்டும் என்பதன்று. அது மானிடர்க்கு இயல்வதுமன்று. பற்று ஒரு வினாவை எழுப்பலாம். விடையைச் சான்றே தரல்வேண்டும். அச்சான்று அயல்மொழியில் இருப்பின் அம்மொழியைக் கற்கவேண்டும். முப்பத்தாறு வயதாயினும் கற்கவேண்டும். அச்சான்று நம் நாட்டை வென்றவர்க்குப் புகழ் தருவதாயினும் அதனை மறையாது எழுதவேண்டும். இவை எளிய விதிகள். ஆனால் தந்தை சிறையிலும், தாம் அயல்நாட்டிலும், தாய்நாடு பிறர் கையிலுமாக இருந்த ஒருவர் இவற்றைக் கடைப்பிடித்தார் என்பதை எண்ணும்போது, நூல்நிலையத்தின் அமைதியில் அமர்ந்து கற்கும் நமக்கு அவை அரியன என்று சொல்ல நா எழாது.